நாலு நாட்டுப் பார்சல்களும் ஒரு யாழ்ப்பாணத்து ரீவியும்

யாழ்ப்பாணத்தில் பழைய வீடியோ கேம் கருவிகளைச் சேர்த்து வைத்திருப்பவரின் அலுமாரியைத் திறந்து பார்த்தால், அவருடைய உறவினர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம். என்னிடமுள்ள சூப்பர் நின்டெண்டோ ரொறன்ரோவிலிருந்து சித்தியின் மகன் கொண்டுவந்தது. சேகா கம்பனியின் மெகா டிரைவ் லண்டனில் அக்கா வீட்டுப் பரணில் கிடந்தது. முதல் பிளேஸ்டேஷன் பாரிஸிலுள்ள மாமாவின் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்டது. ஃபமிகொம் என்ற யப்பானியக் கருவியை, அந்த நாட்டில் சில காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒருவரிடம் விலைக்கு வாங்கினேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வருபவர்கள், திரும்பிப் போகும்போது பெட்டியின் நிறையைக் குறைப்பதற்காகவே இப்படியான பொருள்களை விட்டுச் செல்வதுண்டு. கொண்டுவந்தவர் “அங்க நல்லா வேலை செய்தது” என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அந்த நாட்டு மின்சாரத்திலும், அந்த நாட்டு ரீவியிலும், அந்த நாட்டுக் கசற்றோடும் (விளையாட்டு அடங்கிய, கருவியில் செருகும் பெட்டி) அது நன்றாகத்தான் வேலை செய்திருக்கும்.

இங்கே அது வேலை செய்யாதபோது, எல்லாரும் ‘ரீஜன் லொக்’ (நாட்டுப் பூட்டு) என்ற ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குள் தனித்தனியான நான்கு தடைகள் அடங்கியுள்ளன: மின்னழுத்தம், ரீவிக்குப் போகும் சிக்னலின் முறை, கசற்றின் வெளி வடிவம், கடைசியாகக் கம்பனி வேண்டுமென்றே உள்ளே வைத்த சிப் அல்லது எழுத்துக் குறியீடு. இவற்றில் கடைசி இரண்டு மட்டுமே வேண்டுமென்று போட்ட பூட்டுகள். முதல் இரண்டும் நாடுகளுக்கிடையே ஏற்கெனவே இருந்த வேறுபாடுகள். ஒரே நாட்டில் வாங்கி அங்கேயே விளையாடுபவருக்கு இந்த நான்கும் கண்ணில் படுவதே இல்லை. பல நாட்டுப் பொருள்கள் ஒரே மேசையில் வந்து சேரும் எங்களுக்கோ நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். ஆகவே எந்தத் தடையில் கருவி நிற்கிறது என்று தெரியாமல் திருத்துநரிடம் கொண்டுபோவது, பணத்தையும் சில வேளைகளில் கருவியையும் இழப்பதில்தான் முடிகிறது.

முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். மற்றவற்றில் பிழைத்தால் கருவி ஓடாது. இதில் பிழைத்தால் கருவியே இருக்காது. எங்கள் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹேட்ஸ். யப்பானில் 100 வோல்ட். அந்நாட்டு அடப்டரின் தட்டைப் பின்கள் எங்கள் சொக்கற்றில் நுழையாதென்பதால், கடையில் ஒரு பின் மாற்றியை வாங்கிச் செருகிவிடுவது வழக்கம். பின் மாற்றி பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது. 230 வோல்ட் அப்படியே உள்ளே போகிறது. பழைய அடப்டர்கள் உள்ளே செப்புக் கம்பி சுற்றிய மின்மாற்றியைக் கொண்டவை என்பதால் கையில் எடுத்தாலே பாரம் தெரியும்; 120 வோல்ட்டுக்குச் சுற்றிய அந்தக் கம்பிச் சுருள் இருமடங்கு அழுத்தத்தைத் தாங்காமல் சில நிமிடங்களில் கொதித்து, மெழுகு உருகும் மணத்தோடு முடிந்துவிடும். பின்னாளில் வந்த பாரம் குறைந்த அடப்டர்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கக்கூடியவை. ஆனால் பாரத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அடப்டரின் முதுகில் ‘இன்புட்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை, தேவைப்பட்டால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கியாவது, வாசித்த பின்னரே செருக வேண்டும்.

120 வோல்ட் கருவிக்கு இரண்டு வழிகள் உள்ளன. அடப்டர் வெளியே தனியாக இருந்தால், அதே வெளியீட்டைக் கொடுக்கும் 230 வோல்ட் அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. மின்வழங்கி கருவிக்கு உள்ளேயே இருந்தால், 230ஐ 110 ஆகக் குறைக்கும் மின்மாற்றி ஒன்று வேண்டும். கருவி இழுக்கும் வாற்றுக்கு ஏறக்குறைய இருமடங்கு தாங்கக்கூடியதாக அதைத் தேர்வது பாதுகாப்பு. பயணிகளுக்கென்று விற்கும் கையடக்கமான, பாரமற்ற ‘கொன்வேட்டர்’களில் பல தலைமுடி உலர்த்தி போன்ற சூடாக்கும் பொருள்களுக்கு மட்டும் உரியவை, மின்னணுக் கருவிகளுக்கு அவை ஆகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறைக்கும் மின்மாற்றி, அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி அல்ல. சுவரில் வருவது 250ஆக ஏறினால், வெளியே வருவதும் அதே விகிதத்தில் ஏறும். எங்கள் ஒழுங்கையில் பின்னேரமானால் மின்விளக்குகள் ஒருமுறை மங்கி மறுமுறை பளிச்சிடுவதைப் பார்த்தபின், மழைக்கால இரவுகளில் நான் யப்பானியக் கருவிகளைத் தொடுவதில்லை.

அடப்டரை மாற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவில் விற்ற நின்டெண்டோ (ஃபமிகொமின் வெளிநாட்டு வடிவம்), சூப்பர் நின்டெண்டோ இரண்டின் அடப்டர்களும் 9 வோல்ட் மாறுதிசை மின்னை, அதாவது ஏ.சி.யை வெளியிடுகின்றன, வட அமெரிக்க நின்டெண்டோவின் அடப்டரும் அப்படியே. ஆனால் யப்பானிய ஃபமிகொம், சூப்பர் ஃபமிகொம் (சூப்பர் நின்டெண்டோவின் யப்பானிய வடிவம்), சேகா மெகா டிரைவ் ஆகியவை கேட்பது நேர்த்திசை மின், டி.சி. ஐரோப்பிய நின்டெண்டோ அடப்டரின் முனை ஃபமிகொமின் துவாரத்தில் இறுக்கமாகவே பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகினால் உள்ளேயிருக்கும் ஃபியூஸ் அல்லது மின்சீராக்கி போய்விடும். டி.சி. அடப்டரிலும் நடுமுனை எது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபமிகொமும் முதல் மொடல் மெகா டிரைவும் நடுமுனை எதிர்மின் (−) ஆக இருக்கும் வகை. இரண்டாவது மொடல் மெகா டிரைவ் அதற்கு நேர்மாறு. கஸ்தூரியார் வீதிக் கடைகளில் எனக்குக் கிடைத்த பொது அடப்டர்கள் எல்லாம் நடுமுனை நேர்மின் (+) ஆக இருப்பவையே. வட்டத்தின் நடுவில் புள்ளியும் இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட சிறிய படம் அடப்டரிலும் கருவியிலும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மல்டிமீற்றர் இருந்தால் அளந்தும் பார்த்துவிட வேண்டும்.

மின்சாரம் சரியாகிக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தபின் வருவது ரீவிப் பிரச்சினை. இலங்கையும் இந்தியாவும் பி.ஏ.எல். என்ற ரீவி சிக்னல் முறையைப் பின்பற்றிய நாடுகள். ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோதும், கூரைமேல் நீளக் குழாயில் அன்ரெனா கட்டி நாங்கள் தூரதர்ஷன் பார்த்தபோதும், வந்தது பி.ஏ.எல். சிக்னல்தான். அதில் 625 கோடுகள், செக்கனுக்கு 50 புலங்கள் (திரை புதுப்பிக்கப்படும் தடவைகள்). யப்பானும் வட அமெரிக்காவும் பின்பற்றிய என்.டி.எஸ்.சி. முறையில் 525 கோடுகள், 60 புலங்கள். நிறத்தைச் சுமக்கும் அலைவரிசையும் 4.43 மெகாஹேட்ஸுக்குப் பதிலாக 3.58. பி.ஏ.எல். மட்டுமே தெரிந்த பழைய ரீவியில் ரொறன்ரோக் கருவியைக் கொழுவினால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும். “மாமா, இது உடைஞ்சு போச்சா?” என்று அந்தக் கருவியோடு வந்த பிள்ளை கேட்டது. உடையவில்லை. வளைகுடாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த, எல்லா முறைகளையும் ஏற்கும் பழைய பெட்டி ரீவியில் நிறத் தெரிவை ‘ஓட்டோ’வில் வைத்ததும் நிறம் வந்தது. அண்மைக் கால எல்.ஈ.டி. ரீவிகளில் பெரும்பாலானவை ஏ.வி. துவாரம் வழியாக இரு முறைகளையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன் இன்னொரு வீட்டு ரீவியில் கொழுவிப் பார்ப்பதற்கு ஒரு செலவும் இல்லை.

ஃபமிகொமுக்கு இது கூடப் போதாது. 1983இல் யப்பானில் வெளிவந்த முதல் ஃபமிகொமில் ஏ.வி. வெளியீடு இல்லை, அன்ரெனா வழியாக யப்பானின் முதலாம் அல்லது இரண்டாம் அலைவரிசையில் மட்டுமே படம் போகும். அந்த அலைவரிசைகள் 90 முதல் 102 மெகாஹேட்ஸ் வரையான பரப்பில் இருக்கின்றன. எங்கள் நாட்டில் அது எஃப்.எம். வானொலிக்குரிய இடம் என்பதால் எங்கள் ரீவிகள் அதைத் தேடுவதே இல்லை. எவ்வளவு நேரம் சேனல் தேடினாலும் வெறும் புள்ளிமழைதான். கருவிக்குள் சிறிய ஒரு சுற்றைச் சேர்த்து ஏ.வி. வெளியீடு எடுப்பதே இதற்கு வழி. 1993இல் வந்த பிந்திய ஃபமிகொமில் அது கம்பனியாலேயே கொடுக்கப்பட்டிருந்தது.

சிக்னல் முறை படத்தை மட்டுமல்ல, வேகத்தையும் மாற்றுகிறது என்பது இங்கே பலருக்கும் தெரியாத செய்தி. அந்தக் காலத்து விளையாட்டுகள் ரீவியின் புலங்களை எண்ணியே தமது ஓட்டத்தை நடத்தின. 60 புலங்களுக்கு எழுதிய விளையாட்டை மாற்றமில்லாமல் 50 புலக் கருவியில் போட்டால் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் இழுபடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். லண்டன் மெகா டிரைவில் விளையாடிப் பழகிய என் மருமகன், அதே விளையாட்டை 60இல் பார்த்தபோது கசற் பழுதாகி ஓடுகிறதென்றே நினைத்தான். எங்கள் தலைமுறை ‘டிவி கேம்’ என்று வாங்கி விளையாடிய மலிவுக் கருவிகள் எல்லாம் ஃபமிகொமின் நகல்கள். 60 பின் கசற்றை ஏற்பவை. யப்பானுக்கென்று எழுதிய விளையாட்டுகள் 50 புலங்களிலும் நேரக்கணக்குத் தவறாமல் ஓடவேண்டும் என்பதற்காகவே, ஐரோப்பிய நின்டெண்டோவில் இல்லாத ஒரு திருத்தத்தோடு அவற்றில் பலவற்றின் சிப்புகள் செய்யப்பட்டிருந்தன. நகல் செய்தவர்கள் எந்தப் பூட்டையும் வைக்கவில்லை; எந்த நாட்டு வாங்குபவரையும் அவர்கள் தள்ளிவைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வடிவத் தடைதான் நான்கிலும் எளிது. வட அமெரிக்கச் சூப்பர் நின்டெண்டோவின் கசற் சதுரமானது. யப்பானியதும் ஐரோப்பியதும் வளைந்த முகம் கொண்டவை. வட அமெரிக்கக் கருவியின் கசற் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், அடியில் பின்பக்கமாக இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் எழும்பி நிற்பது தெரியும். யப்பானியக் கசற்றை மேலே நிறுத்திவைப்பவை அந்த இரண்டும் மட்டுமே. கூர்மூக்குக் குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் அவை வெள்ளைக் கோடு விட்டு முறிந்து வரும்; துண்டுகள் உள்ளே விழாமல் இருக்கக் கருவியைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். யப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் உள்ளேயிருக்கும் பூட்டு சிப் ஒரே வகை என்பதால் வேறெதுவும் தேவையில்லை. நின்டெண்டோ 64இலும் இதே கதை: யப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே நிற்பது பிளாஸ்டிக் மட்டுமே.

ஐரோப்பியச் சூப்பர் நின்டெண்டோ இதற்கு நேர் எதிரானது. யப்பானியக் கசற் அதில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்காரும், ஆனால் ஓடாது; வடிவம் ஒன்றாக இருந்தும் சிப் வேறு. கருவியில் ஒரு சிப்பும் கசற்றில் அதன் இணையும் இருந்து, மின் வந்த கணத்திலிருந்து ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு பிசகினால் கருவி நின்றுவிடும். 1985இல் அமெரிக்காவில் வந்த நின்டெண்டோவில் இந்த முறை முதன்முதலாக வைக்கப்பட்டது. ஃபமிகொமில் இது கிடையாது. நின்டெண்டோவின் பூட்டு சிப்பில் நான்காவது காலைத் தூக்கிவிட்டால் காவல் நின்றுபோகும் என்பது பரவலாகத் தெரிந்த விடயம். சூப்பர் நின்டெண்டோவிலும் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் எஸ்.ஏ-1 என்ற கூடுதல் செயலி கொண்ட கசற்றுகள், கருவியின் சிப் ஊமையாக இருப்பதைக் கண்டுகொண்டு ஓட மறுக்கும். அங்கே சிப்பை முழுதாக மாற்றுவதே சரியான வழி.

காலைத் தூக்குவதற்கு முன் ஒரு விடயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நின்டெண்டோவின் சிப்புகள் ஒத்துப்போகாவிட்டால், கருவி ஏறத்தாழ செக்கனுக்கு ஒருமுறை தன்னைத்தானே மீளத் தொடங்கும். சிவப்பு விளக்கு இமைத்துக்கொண்டே இருக்கும், திரை எரிந்து அணையும். வேறு நாட்டுக் கசற் போட்டாலும் இதுதான் நடக்கும். கசற்றின் உலோகப் பற்கள் அழுக்கேறியிருந்தாலும் இதுதான் நடக்கும். ரொறன்ரோவிலிருந்து கருவியும் கசற்றும் ஒன்றாகவே வந்திருந்தும் விளக்கு இமைத்ததென்று நண்பரொருவர் கடையில் காட்டியபோது, “அண்ணை, இது அமெரிக்கா செற். உள்ளுக்கு இருக்கிற சிப்பை மாத்தினால்தான் ஓடும்” என்று ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். ஒரே நாட்டுக் கருவிக்கும் கசற்றுக்கும் இடையில் ரீஜன் லொக் எப்படி வரும்? நாங்கள் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் அற்ககோல் தொட்டுப் பற்களைத் துடைத்தோம். முதற் குச்சி கரிபோலக் கறுத்தது, இரண்டாவது சாம்பல் நிறமானது, அதற்குப் பிறகு வந்தது வெள்ளையாக இருந்தது. கருவிக்குள் இருக்கும் 72 பின் இணைப்பையும் கழற்றித் துடைத்துப் போட்டபின் விளக்கு இமைக்கவில்லை. கடற்காற்றும் புழுதியும் உள்ள ஊரில், சிப்பைச் சந்தேகிப்பதற்கு முன் அழுக்கைச் சந்தேகிப்பதே கணக்கு.

சேகாவின் வழி வேறு. மெகா டிரைவில் பூட்டு சிப் இல்லை. எந்த நாட்டுக் கருவி என்பதைக் கருவியின் பலகையிலுள்ள சில இணைப்புகள் சொல்லும், விளையாட்டு அதை வாசித்துத் தனக்குப் பிடிக்காவிட்டால் ஒரு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டிவிட்டு நிற்கும். தொடக்க கால விளையாட்டுகளில் பல அதைக் கேட்பதே இல்லை. பிற்காலத்தவையே அப்படி நின்றன. ஆகவே திரையில் வாசகம் வருகிறதென்றால் கருவியும் கசற்றும் நலமாக இருக்கின்றன என்றே பொருள். பலகையில் இரண்டு சுவிட்சுகள் போட்டு, ஒன்றால் நாட்டையும் மற்றதால் 50, 60 புலங்களையும் மாற்றிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த மாற்றங்களில் செலவுக்கேற்ற பயன் அதிகம் தருவது இதுதான். ஐரோப்பிய மெகா டிரைவை 60க்கு மாற்றினாலும் நிறம் பி.ஏ.எல். முறையிலேயே வருவதால் எங்கள் ரீவிகள் பலவற்றில் தொல்லையும் இல்லை. யப்பானியக் கசற் ஐரோப்பியத் துவாரத்தில் நுழைவதற்குச் சற்று அகலம் என்பதால், துவாரத்தின் இரு ஓரங்களையும் அரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் மனம் வரவில்லை.

இறுவட்டுக் கருவிகளில் வடிவம் என்ற பேச்சே இல்லை. 1994 டிசெம்பரில் யப்பானில் வந்த பிளேஸ்டேஷனில், இறுவட்டின் உட்பக்கத் தொடக்கப் பகுதியில் தடம் மிக நுண்மையாக அசைந்தசைந்து செல்லும்படி அச்சிடப்பட்டிருக்கும். அந்த அசைவில் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன: யப்பானுக்கு எஸ்.சி.ஈ.ஐ., அமெரிக்காவுக்கு எஸ்.சி.ஈ.ஏ., ஐரோப்பாவுக்கு எஸ்.சி.ஈ.ஈ. சாதாரண இறுவட்டு எழுதியால் அந்த அசைவை எழுத முடியாதென்பதால், நகலைத் தடுப்பதும் நாட்டைப் பிரிப்பதும் ஒரே உத்தியில் நடந்தன. பின்னால் சேர்க்கும் ‘மொட் சிப்’ செய்வதெல்லாம் அந்த நான்கெழுத்தை இறுவட்டுக்குப் பதிலாகத் தானே கருவிக்குச் சொல்வதுதான்.

பாரிஸ் மாமாவின் பிளேஸ்டேஷனுக்கு அப்படியொரு சிப் பொருத்தக் கொடுத்தபோது நான்கு தடைகளும் வேறு வேறானவை என்பது நன்றாக விளங்கியது. திரும்பி வந்த கருவி அமெரிக்க இறுவட்டை ஏற்றது; படமோ பெட்டி ரீவியில் கறுப்பு வெள்ளை. பொருத்தியவர் பலகை பழுதாகியிருக்கும் என்றார். பழுது ஒன்றுமில்லை. பழைய ஐரோப்பியப் பிளேஸ்டேஷன்கள் அமெரிக்க விளையாட்டை ஓட்டும்போது 60 புலங்களுக்கு மாறிவிடும், ஆனால் நிறத்தைச் சுமக்கும் அலைவரிசை சரியாக அமையாது. பூட்டு திறந்தது, சிக்னல் தடை அப்படியே இருந்தது. தீர்வு மாமா அனுப்பிய அதே பைக்குள்தான் கிடந்தது. பிரான்சில் 1980களின் தொடக்கத்திலிருந்து புதிய ரீவிகளில் ஸ்கார்ட் என்ற அகன்ற 21 பின் இணைப்பு கட்டாயம் என்பதால், அங்கிருந்து வரும் கருவிகளோடு ஸ்கார்ட் வயர் வருவது வழக்கம். ஆர்.ஜி.பி. வகை ஸ்கார்ட் வயர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்புவதால் நிறச் சுமப்பு அலைவரிசை என்ற கேள்வியே அங்கே எழாது. ஆர்.ஜி.பி.யை ஏற்கும் ஸ்கார்ட்–எச்.டி.எம்.ஐ. மாற்றிப் பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொழுவியதும் முழு நிறம் வந்தது. அந்த வயரைப் பயனற்றதென்று எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. யப்பானிலும் இதே தோற்றத்தில் 21 பின் ஆர்.ஜி.பி. வயர் உண்டு. தலை ஒன்றாக இருந்தாலும் உள்ளே பின்களின் ஒழுங்கு வேறு. யப்பானிய வயரை ஐரோப்பிய மாற்றிப் பெட்டியில் செருகக் கூடாது.

எந்த நாட்டுக் கருவி, எந்த நாட்டு இறுவட்டு என்பதை ஓட்டிப் பார்க்காமலே அறியலாம். பிளேஸ்டேஷன் 2இன் அடியில் எஸ்.சி.பி.எச். என்று தொடங்கும் மொடல் எண்ணில் கடைசி இலக்கம் 0 என்றால் யப்பான், 1 என்றால் வட அமெரிக்கா, 2 அவுஸ்திரேலியா, 3 பிரித்தானியா, 4 ஐரோப்பா. 30001 என்று முடியும் தடித்த கருவி 120 வோல்ட்டுக்குரியது. மின்வழங்கி உள்ளேயே இருக்கிறது. 70000 வரிசை மெல்லிய கருவியோ வெளி அடப்டரிலிருந்து 8.5 வோல்ட் எடுப்பது. அடப்டரை மாற்றினால் மின்சாரக் கவலை தீர்ந்தது. 90000 வரிசையில் மீண்டும் உள்ளே போய்விட்டது. இறுவட்டின் விளிம்பில் எஸ்.எல்.யு.எஸ். என்றால் அமெரிக்கா, எஸ்.எல்.ஈ.எஸ். என்றால் ஐரோப்பா, எஸ்.எல்.பி.எஸ். அல்லது எஸ்.எல்.பி.எம். என்றால் யப்பான். கொழும்பு வழியாக எனக்குக் கிடைத்த பிளேஸ்டேஷன் 2கள் பெரும்பாலும் ஏற்கெனவே சிப் போட்டவை என்பதால் அங்கே நாடு என்ற பேச்சு எழவில்லை. பிளேஸ்டேஷன் 3இல் அதன் சொந்த விளையாட்டுகள் அநேகமாக எந்த நாட்டிலும் ஓடும்; ஆனால் அதே கருவி பழைய பிளேஸ்டேஷன் இறுவட்டுகளுக்கும் திரைப்பட இறுவட்டுகளுக்கும் நாடு பார்க்கும்.

துணைப் பொருள்களில் கவலை குறைவு. பிளேஸ்டேஷனின் கொன்ட்ரோலர்களும், மூன்று தலைமுறைக்கும் பொதுவான ஏ.வி. வயரும் எந்த நாட்டுக்கும் ஒன்றே. நின்டெண்டோ 64இன் கொன்ட்ரோலரும் நினைவக நீட்டிப்பும் அப்படியே. நினைவக அட்டையில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது: அட்டை எந்தப் பிளேஸ்டேஷனிலும் வேலை செய்யும், ஆனால் சேமித்த கோப்பின் பெயரில் இறுவட்டின் எண் இருப்பதால், ஐரோப்பியப் பதிப்பில் பாதி தாண்டிய விளையாட்டை அமெரிக்கப் பதிப்பு தன்னுடையதாகக் கண்டுகொள்ளாது. பிள்ளை மாதக்கணக்காக விளையாடியது அட்டையில் பத்திரமாக இருக்கும், பட்டியலில் வராது. நின்டெண்டோவின் கேம்கியூப் கருவியில் இதைவிட மோசம். யப்பானியக் கருவியில் பாவித்த அட்டையை வேறு நாட்டுக் கருவியில் போட்டால் அட்டையை அழித்து ஒழுங்குபடுத்தவா என்று கேட்கும். கேட்டதும் ‘ஆம்’ என்று அழுத்துவது பிள்ளைகளின் இயல்பு.

ஊரிலிருப்பவர் ஒருவர் எதைக் கேட்டு வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால், கையடக்கக் கருவியையே சொல்வேன். 1989இல் வந்த கேம் போயிலிருந்து கேம் போய் அட்வான்ஸ் வரை எதிலும் நாட்டுப் பூட்டு இல்லை. திரை தன்னுடனேயே இருப்பதால் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்ற வழக்கும் இல்லை. முதற் கேம் போய் நான்கு டபுள் ஏ பற்றரியில் ஓடும்; கறண்ட் இல்லாத ஆண்டுகளைக் கண்ட வீடுகளுக்கு அதன் அருமை தெரியும். பின்னர் வந்த டி.எஸ். என்ற கையடக்கக் கருவியின் விளையாட்டுகளும் அப்படியே; டி.எஸ்.ஐ.க்கென்று மட்டும் வந்தவையும் 3டி.எஸ். விளையாட்டுகளும்தான் பூட்டுப் போட்டவை. சார்ஜரில் மட்டும் கவனம் வேண்டும்: கனடாவிலிருந்து வரும் கேம் போய் அட்வான்ஸ் எஸ்.பி.யின் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது.

திருத்துநர்களைப் பற்றி ஒரு சொல். கைபேசி திருத்தும் இளைஞர்களில் நுண்ணிய பற்றவைப்புக் கை உள்ளவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையவே இருக்கிறார்கள்; கருவியை அவர்கள் கண்டதில்லை என்பதுதான் குறை. “ஓட வையுங்கோ தம்பி” என்று முழுக் கருவியையும் ஒப்படைப்பதைவிட, எந்தப் பலகையில் எந்தக் கால், எங்கே எந்த வயர் என்று படத்தில் குறித்து, அந்த ஒரு வேலையை மட்டும் செய்யச் சொல்வது விலையிலும் விளைவிலும் வித்தியாசம் தரும். என் மெகா டிரைவின் இரண்டு சுவிட்சுகளும் அப்படிப் போடப்பட்டவையே.

இப்போது உறவினர் யாராவது “பழைய கேம் ஒண்டு கிடக்கு, கொண்டு வரட்டோ?” என்று வட்ஸ்அப்பில் கேட்டால், வேண்டும், வேண்டாம் என்று உடனே சொல்வதில்லை. கருவியின் அடிப்பக்க லேபல், அடப்டரின் முதுகு, ஏதாவது ஒரு கசற் அல்லது இறுவட்டின் முகம் ஆகிய மூன்றையும் எழுத்து வாசிக்கும்படி படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். அடப்டர் 120 வோல்ட் மட்டும் என்றால் அதை அங்கேயே விட்டுவிடச் சொல்லலாம்; பாரத்தில் பாதி அதுதான். ஆனால் வயர்கள் எல்லாவற்றையும், எதற்கென்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும், பையில் போடச் சொல்ல வேண்டும். பழைய கருவியின் தனி வகை முனை கொண்ட ஏ.வி. வயரை இங்கே தேடிப் பிடிப்பது கருவியைத் தேடுவதைவிடக் கடினம்.